சமூக விஞ்ஞானக் கல்வியும் உத்தியோகக் கனவும்

"ஆட்ஸ் படிச்சி என்ன மனே செய்யப் போறாய்?"

கல்முனை முதல் பொத்துவில் வரை பரந்துள்ள எமது கடற்கரை ஊர்களிலே உயர்தர வகுப்பிற் காலடி வைக்கும் பிள்ளைகள் கேட்டுக் கேட்டுப் பழகிப்போன வினா இது. கேட்பவர் வாப்பாவாக இருப்பார், சாச்சாவாக இருப்பார், சில வேளைகளிற் பாடம் படிப்பிக்கும் ஆசிரியராகவே இருப்பார். வினாவிலே தொனிப்பது அறியும் ஆவலன்று, இரக்கமே. மருத்துவமும் பொறியியலும் எட்டாதவன் வந்து ஒதுங்கும் திண்ணையே கலைப்பிரிவு என்பது பொதுவாக நிலவும் எண்ணம். சமூகவியலும் அரசறிவியலும் பொருளியலும் புவியியலும் அத்திண்ணையில் விரிக்கப்பட்ட பாய்களாகவே மதிக்கப்படுகின்றன.

அண்மைக் காலத்தில் இவ்வினா வீட்டை விட்டிறங்கி மேடையேறிவிட்டது. தொழில் வழிகாட்டற் கருத்தரங்கு என்ற பெயரிலே பாடசாலைகளில் நடைபெறும் கூட்டங்கள் அதற்கு அறிவுத் தோற்றமும் அளித்துவிட்டன. அத்தகைய கூட்டமொன்றிலே நாமும் பின்வரிசையில் அமர்ந்திருந்தோம். பேசிய அன்பர், தொழிற் சந்தைக்கு உதவாத பாடங்களைக் கற்பது நாட்டுக்கு இழைக்கும் துரோகம் என்று சொல்லுமளவுக்குச் சென்றார். எதிரே இருந்தோருட் பெரும்பாலோர் கலைப்பிரிவு மாணவிகள். அவர்கள் தலைகுனிந்து அவர் சொன்னவற்றையெல்லாம் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தனர். தம்மைப் பழிக்கும் சொல்லையும் குறிப்பெடுக்கும் பழக்கத்தை அவர்களுக்குக் கற்பித்தவர்கள் நாமே என்பது அப்பொழுதுதான் எமக்கு உறைத்தது.

இத்தகைய பேச்சுக்கு வழக்கமாக அளிக்கப்படும் மறுமொழி ஒன்றுண்டு. சமூக விஞ்ஞானம் கற்றவருக்கும் நல்ல உத்தியோகங்கள் உள: நிருவாக சேவை, கல்வி நிருவாக சேவை, திட்டமிடற் சேவை, வெளிநாட்டுச் சேவை, ஆசிரியப் பணி என்று பட்டியலிடுவதே அது. நாமும் பலமுறை இப்பட்டியலை வகுப்பில் ஒப்பித்ததுண்டு. ஆயினும் தாக்குவோரும் காப்போரும் ஒரே தராசைத்தான் கையில் ஏந்தியுள்ளனர். கல்வியின் பெறுமதியை அது பெற்றுத்தரும் கதிரையின் உயரத்தால் அளக்கும் தராசு அது. எமது பகுதியிற் சமூக விஞ்ஞானக் கல்வி தோல்வியுற்றிருக்கின்றது என்பதை நாம் மறுக்கவில்லை. உத்தியோகம் தராமையால் அது தோற்றது என்பதையே மறுக்கின்றோம். எமது ஊரை எமக்கு அறிவிக்காமையாலேயே அது தோற்றது.

கலைப் பட்டத்தின் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்த்தல் வேண்டும். 1942 இல் இலங்கைப் பல்கலைக் கழகம் தோன்றிய காலத்திற் பட்டதாரிகள் மிகச் சிலரே. அவர்களுட் கெட்டிக்காரர் சிவில் சேவைக்குச் சென்றனர். இலத்தீன் கற்றவர் வரி அறவிடும் அதிகாரியானார். ஆங்கில இலக்கியம் கற்றவர் காணிப் பிணக்குகளை விசாரித்தார். அப்பொழுது இப்பாடங்கள் தொழிலுக்கு உதவா என்று எவரும் குறைகூறவில்லை. 1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1960 இல் தாய்மொழி மூலம் கலைப் பாடங்களைக் கற்கும் மாணவர் பல்கலைக் கழகத்திற் புகுந்தனர். உழவரின் மக்களும் மீனவரின் மக்களும் அங்கு வந்து சேர்ந்த பின்னரே கலைப் பட்டம் பயனற்றது என்ற கண்டுபிடிப்பு நிகழ்ந்தது! மாணவர் தொகை பெருகிய வேகத்திற்குத் தேயிலை, இறப்பர், தெங்கு ஏற்றுமதியை நம்பிய பொருளாதாரம் விரியவில்லை. 1971 ஏப்பிரலில் தென்னிலங்கை இளைஞர் கிளர்ந்தெழுந்தபொழுது, படித்த வாலிபரின் வேலையின்மை உலகின் கண்ணிற் பட்டது.

அவ்வாண்டிலேயே டட்லி சீயர்ஸ் என்னும் பொருளியலறிஞரின் தலைமையிற் சர்வதேசத் தொழிலாளர் தாபனத்தின் குழுவொன்று இலங்கையின் வேலைவாய்ப்பு நிலையை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. நாட்டில் உள்ள வேலைகளுக்கும் படித்த இளைஞரின் எதிர்பார்ப்புகளுக்கும் பொருத்தமில்லை என்பது அதன் முக்கிய கருத்துகளுள் ஒன்று. பொருளாதாரத்தின் கட்டமைப்பு, வருமானப் பங்கீடு ஆகியன பற்றியும் அவ்வறிக்கை பேசியது. பின்வந்த அரசாங்கங்கள் எவையாயினும் பொருத்தமின்மை என்ற சொல்லை மட்டும் பற்றிக்கொண்டன. குற்றத்தை மாணவன் தலையிற் சுமத்துவதற்கு இதைவிட வசதியான சொல் வேறில்லை. ஆலை அமைக்காதவனும், நிலத்தைப் பங்கிடாதவனும், இறக்குமதிக்குக் கதவைத் திறந்தவனும் குற்றவாளிகளல்லர். அரசறிவியல் கற்ற பதினெட்டு வயதுப் பெண்பிள்ளையே குற்றவாளி.

ரொனால்ட் டோர் என்ற ஆங்கிலச் சமூகவியலாளர் 1976 இல் பட்டச் சான்றிதழை ஒரு நோயாக உருவகித்து நூலொன்று எழுதினார். அவர் ஆராய்ந்த நாடுகள் நான்கு: இங்கிலாந்து, யப்பான், இலங்கை, கென்யா. அபிவிருத்திப் பாதையிற் பிந்திப் புறப்பட்ட நாடுகளிலே சான்றிதழின் பிடி மேலும் இறுகும் என்பது அவரது முடிபு. வேலைகள் குறைவாகவும் சான்றிதழ்கள் மிகுதியாகவும் இருக்குமிடத்து, ஒரே வேலைக்குக் கேட்கப்படும் தகுதி ஆண்டுதோறும் உயர்ந்துகொண்டே போகும். வேலையின் தன்மையோ மாறாது. இதற்குச் சான்று தேடி நாம் அலைய வேண்டியதில்லை. எமது பாட்டனார் காலத்திற் சிரேட்ட பாடசாலைத் தராதரப் பத்திரத்துடன் ஆற்றப்பட்ட எழுதுவினைஞர் பணியையே இன்று பட்டதாரி, அபிவிருத்தி உத்தியோகத்தர் என்ற பெயரில் ஆற்றுகின்றார். 2020 இல் பட்டதாரிகள் பல்லாயிரவர் மாதம் 20,000 ரூபா படியுடன் பயிலுநராகச் சேர்க்கப்பட்டனர். அவர்களுக்கு என்ன பணி கொடுப்பது என்பது சேர்த்த பின்னர் சிந்திக்கப்பட்டது. 2022 இல் நாடு கடனிறுக்க இயலாது கைவிரித்தபொழுது, அந்தக் கதவும் ஏறத்தாழ மூடிக்கொண்டது.

உத்தியோகக் கதை இவ்வளவே. அதனிலும் முக்கியமானதென நாம் கருதுவது வேறு.

இலங்கைப் பல்கலைக் கழகத்திலே சமூகவியல் தனித்துறையாக 1949 இல் தொடங்கிற்று. அமெரிக்கரான பிறைஸ் றயன் அதன் முதற் பேராசிரியர். அதே ஆண்டிலேயே எமது மேற்குப் புறத்திற் கல்லோயாத் திட்டமும் தொடங்கப்பட்டது. இவ்விரண்டும் 1956 ஜூன் மாதத்தில் ஒன்றையொன்று சந்தித்தன. இளம் விரிவுரையாளராக இருந்த ஸ்ரான்லி தம்பையா, குடியேற்றவாசிகளின் நிலையை ஆராயும் பொருட்டுச் சிங்கள, தமிழ் மாணவர் குழுவொன்றுடன் கல்லோயாவுக்கு வந்திருந்தார். தனிச் சிங்களச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறிய அவ்வேளையில் அங்கு இனக்கலவரம் மூண்டது. கேள்விக்கொத்துகளுடன் வந்த மாணவர் உயிரைக் காத்துக்கொள்ள வேண்டியவராயினர். அந்த அனுபவத்தின் அதிர்ச்சி தம்மை இந்நாட்டிலிருந்து விலகச்செய்ததைத் தம்பையா பிற்காலத்தில் எழுதியுள்ளார். தாய்லாந்தைப் பற்றி ஆராய்ந்து, கேம்பிரிட்ஜிலும் ஹாவர்டிலும் கற்பித்து உலகப் புகழ் பெற்ற அவர், 1983 இன் பின்னரே தம் நாட்டின் இனப்பிரச்சினையைப் பற்றி நூலெழுதத் திரும்பினார். அம்பாறை தனி மாவட்டமாவதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்னரே இம்மண்ணிற் சமூக விஞ்ஞானம் தன் முதலாவது பாடத்தைக் கற்றுவிட்டது. எமது மாணவரின் குறிப்புக் கொப்பிகளிலே இது இல்லை. கொம்ற், டேர்க்கைம், வெபர் ஆகியோரின் பிறந்த ஆண்டுகள் உண்டு.

அடுத்து அக்கரைப்பற்றை நோக்குவோம். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 1969 ஆம் ஆண்டளவில் அங்கு வந்து தங்கி, தமிழ் மக்களிடையேயும் முஸ்லிம் மக்களிடையேயும் நிலவும் குடி முறையை ஆராய்ந்தார். தாய்வழியாகக் குடி வருவதும், குடிக்கொரு மரைக்காயர் பள்ளிவாசல் நிருவாகத்தில் இடம்பெறுவதும், மணமகன் மணமகள் வீட்டுக்குச் சென்று வாழ்வதும், மகளுக்கு வீடு சீதனமாகக் கொடுக்கப்படுவதும் இரு சமூகத்தாரையும் எவ்வாறு பிணைக்கின்றன, எவ்வாறு பிரிக்கின்றன என்பதை விளக்கும் அவரது பெருநூல் 2008 இல் வெளிவந்தது. நாற்பதாண்டு உழைப்பு அது. எம்மிடம் பயின்ற மாணவர் பலர் அதன் பெயரையும் கேட்டதில்லை. அந்நூல் ஆங்கிலத்தில் உள்ளது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், உம்மாவின் வீட்டில் நடப்பது ஒரு பாடமாக முடியும் என்பதை நாம் அவர்களுக்குச் சொல்லாதிருந்ததே. பாடம் என்றால் தொலைவில் இருப்பது. வீட்டில் உள்ளது வெறும் வழக்கம். இவ்வாறுதான் நாமும் கற்றோம்.

இவ்வறியாமைக்கு எமது மக்கள் கொடுத்த விலை ஒன்றை இங்கு கூறுதல் தகும். 2004 டிசெம்பர் 26 இன் கடற்கோள் இலங்கையில் மிகுதியான உயிர்களைக் காவுகொண்டது அம்பாறை மாவட்டத்திலேயே. மாண்டோர் 10,000 பேருக்கு மேல். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு ஆகிய இடங்களிற் கரையோரமாக நெருங்கி நின்ற வீடுகள் துடைத்தெறியப்பட்டன. நாம் அப்பொழுது பாடசாலைச் சிறுவர். பின்னர் உலகெங்குமிருந்து தொண்டு நிறுவனங்கள் வந்தன. கலைப் பட்டதாரிகளுக்கு அது ஒரு பொற்காலமாக இருந்தது என்று சொன்னால் நா கூசும். ஆயினும் உண்மை அதுவே. கள உத்தியோகத்தராக, கணக்கெடுப்பாளராக, மொழிபெயர்ப்பாளராகப் பலர் வேலை பெற்றனர். சமூக விஞ்ஞானத்துக்கு ஒருபோதும் கிட்டாத சம்பளம் சில ஆண்டுகள் கிட்டியது.

அக்காலத்தில் நிரப்பப்பட்ட படிவங்களிலே 'குடும்பத் தலைவர்' என்றொரு நிரல் இருந்தது. கடல் கொண்டுபோன வீடுகளிற் பெரும்பாலானவை சீதன வீடுகள். உறுதி பெண்ணின் பெயரில் இருக்கும்; அல்லது உறுதியே இல்லாவிடினும் வீடு பெண்ணுடையது என்பது ஊரறிந்த நியாயமாக இருக்கும். கரையிலிருந்து 200 மீற்றர் எல்லைக்குள் மீளக் கட்டத் தடை விதிக்கப்பட்டபொழுது, மாற்றுக் காணியும் வீடும் பல இடங்களிலே குடும்பத் தலைவர் என்று பதியப்பட்ட கணவனின் பெயரிற் சென்றன. தலைமுறை தலைமுறையாகத் தாயிடமிருந்து மகளுக்கு வந்த சொத்து, ஒரு நிரலில் எழுதப்பட்ட ஒரு பெயரால் வழி மாறிற்று. பெண்ணுரிமை ஆய்வாளர் பின்னர் இதனைச் சுட்டிக்காட்டி எழுதினர். நாம் கேட்பது வேறொன்று. அந்நிரலை நிரப்பியோருள் எமது பட்டதாரிகளும் இருந்தனர். அவர்கள் பிறந்ததே சீதன வீட்டில். உறவுமுறை பற்றிப் பல்கலைக் கழகத்தில் வினாவொன்றுக்கு விடையெழுதிச் சித்தியும் பெற்றிருந்தனர். வீடு யாருடையது என்பதை அறிந்த கை, படிவம் கேட்டபடி கணவனின் பெயரை எழுதிற்று. அவர்களைக் குறைகூற எமக்கு வாய் வரவில்லை. மேலிருந்து வரும் படிவத்தை மறுத்துக் கேட்பது எவ்வாறு என்பதை எந்த ஆசிரியன் அவர்களுக்குக் கற்பித்தான்?

அவ்விடத்தில் ஒருவர் எழுந்து, "இந்த நிரல் இந்த ஊருக்குப் பொருந்தாது" என்று சொல்லியிருப்பின், அதுவே சமூக விஞ்ஞானத்தின் தொழில்.

நுரைச்சோலையிலே சவூதி அரேபியாவின் உதவியுடன் கடற்கோளால் வீடிழந்தோருக்கெனக் கட்டப்பட்ட 500 வீடுகளின் கதையும் இதனோடு ஒட்டியதே. யாருக்குக் கொடுப்பது என்ற பிணக்கு நீதிமன்றம் வரை சென்று, ஆண்டுக் கணக்காக ஆளின்றிக் கிடந்து அவை காடு பற்றின. அதனை விரிப்பின் கட்டுரை திசைமாறும்.

எமது பகுதிக்கு ஒரு பல்கலைக் கழகம் கிடைத்தது சாதாரணமாகவன்று. போர்ச் சூழலால் வடக்கிலும் கிழக்கிலும் முஸ்லிம் மாணவர் கல்வியைத் தொடர முடியாதுபோனமையும், எம். எச். எம். அஷ்ரபின் விடாமுயற்சியும் சேர்ந்து 1995 இல் ஒலுவிலிலே பல்கலைக் கழகக் கல்லூரியை உருவாக்கின. அடுத்த ஆண்டில் அது தென்கிழக்குப் பல்கலைக் கழகமாயிற்று. எமது ஊர்ப் பெண்பிள்ளைகள் ஆயிரக்கணக்கிற் பட்டம் பெற்றமைக்கு அந்த வாயிலே காரணம். அதன் பெருமையை நாம் குறைத்துப் பேசமாட்டோம். ஆனால் அதே ஊரிலே, டென்மார்க்கின் கடனுதவியுடன் கட்டப்பட்டு 2013 இல் திறந்துவைக்கப்பட்ட துறைமுகம் ஒன்றும் உள்ளது. அலைதடுப்பு மதில்கள் மணலின் இயல்பான ஓட்டத்தை மறித்தன. துறைமுக வாயில் மணலால் தூர்ந்தது. வடக்கே ஒலுவிற் கரையையும் அதற்கப்பால் நிந்தவூர்க் கரையையும் கடல் அரித்துத் தின்றது. தென்னந்தோட்டங்களும் கரைவலை இழுத்த இடங்களும் போயின.

மணல் ஏன் சேர்ந்தது என்பது பொறியியலாளரின் வினா. இத்துறைமுகம் யாருக்காகத் தீர்மானிக்கப்பட்டது, கரைவலைக்காரனிடம் எவராவது கேட்டனரா, காணி இழந்தவனுக்கு நட்டஈடு எந்த ஆண்டில் எவ்வளவு கிடைத்தது, வலையிழந்தவனின் மகன் இப்பொழுது கட்டாரில் என்ன செய்கின்றான் என்பன எமது வினாக்கள். விரிவுரையாளர் சிலர் இதுபற்றி ஆய்வுக் கட்டுரைகள் எழுதியுள்ளனர். நன்றி பாராட்டத்தக்க பணி. எனினும் அத்தகைய கட்டுரைகள் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. பதவியுயர்வுக்குப் புள்ளி தரும் சஞ்சிகைகளில் வெளியாகின்றன. வலைக்காரன் தன்னைப் பற்றிய எழுத்தைப் படிக்க வழியில்லை. பிழை எனச் சொல்லவும் வழியில்லை.

எமது கல்முனை வரலாற்றிலேயே இதற்கு மாறான முன்னுதாரணம் உண்டு. யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையிற் பிறந்து, வரலாற்றிற் சிறப்புப் பட்டம் பெற்று, சிவில் சேவையிற் சேர்ந்த முதல் முஸ்லிமான ஏ. எம். ஏ. அஸீஸ், 1942 இல் யுத்தகால உணவு உற்பத்திக்குப் பொறுப்பான உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தார். நெல் விளைவிப்பதே அவருக்கு இடப்பட்ட பணி. அதைச் செய்தார். செய்யும்பொழுதே, இவ்வளவு வயலுள்ள ஊரிலே இவ்வளவு வறுமையும் இத்துணை கல்வியின்மையும் ஏன் என்று கேட்டார். அவ்வாண்டிலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் தோன்றிற்று; 1945 இல் அது நாடளாவிய கல்விச் சகாய நிதியாக விரிந்தது. அஸீஸ் உயர் பதவி வகித்த கனவான். முற்போக்காளர் பலர் அவரது அரசியலோடு உடன்படார். நாமும் முழுமையாக உடன்படோம். எனினும் வரலாறு கற்ற ஒருவர் தம் படிவத்தில் இல்லாத கேள்வியைக் கேட்டார் என்பதே இங்கு பொருள். அவர் தேடிக்கொடுத்த உபகாரப் பணத்திற் படித்தவர்களின் பேரப்பிள்ளைகளே இன்று, "ஆட்ஸ் படிச்சி என்ன செய்யப் போறாய்?" என்று கேட்கின்றனர்.

இவ்விடத்தில் மாணவ நண்பர் ஒருவர் குறுக்கிடக்கூடும்: "கேள்வி கேட்பது சரி, சேர், சம்பளம் யார் தருவது?" நியாயமான வினா. பசித்தவனுக்குப் பாடத்தின் மேன்மையைப் பேசுவது பாவம். அதிலும் எமது பெண்பிள்ளைகளின் நிலை இரட்டிப்புச் சிக்கலானது. பட்டம் பெற்ற மகளுக்கும் வீடு கட்டியே தீரவேண்டும். பட்டம் பெற்ற மருமகன் வருவதாயின் வீடு சற்றுப் பெரிதாகவே வேண்டும். தூர இடத்து நியமனத்தை ஏற்க வீட்டார் விடார்; அண்மையிலோ இடமில்லை.

ஆனால் வேலை இல்லை என்பதற்கும் வேலைக்குக் கூலி ஒதுக்கப்படவில்லை என்பதற்கும் வேறுபாடு உண்டு. மாநகர சபைக்கும் பிரதேச சபைக்கும் தம் எல்லைக்குள் எத்தனை குடும்பம் வாடகைக்கு இருக்கின்றது, எத்தனை தாய்மார் வளைகுடா நாடுகளிற் பணிப்பெண்களாக உள்ளனர், அவர்களின் பிள்ளைகளை யார் வளர்க்கின்றனர் என்ற கணக்கு வேண்டாமா? பிரதேச செயலகங்களிலே ஒரு மேசைக்கு மூவராக அமர்த்தப்பட்டுள்ள பட்டதாரிகளிடம் இப்பணியை ஒப்படைக்கப் புதிதாக ஒரு சதமும் வேண்டியதில்லை. ஒப்படைக்கப்படாமைக்குக் காரணம் பணமன்று. கணக்கு எடுக்கப்பட்டால் அது ஒருநாள் வெளியே படிக்கப்படும். படிக்கப்பட்டால் யாரோ பதில் சொல்ல வேண்டி வரும்.

எமது பழைய மாணவி ஒருத்தி அத்தகைய மேசையொன்றில் இருக்கின்றாள். இறுதியாண்டிலே அவள் எழுதிய ஆய்வேடு மருதமுனைக் கைத்தறி நெசவைப் பற்றியது. 1977 இல் திறந்துவிடப்பட்ட இறக்குமதியின் பின்னர் தறிகள் எவ்வாறு அருகின, நூலைக் கொடுத்துச் சாரத்தை வாங்கும் முதலாளிக்கும் வீட்டில் இருந்து நெய்யும் பெண்ணுக்கும் இடையே கூலி எவ்வாறு தீர்மானிக்கப்படுகின்றது என்பதை வீடு வீடாகச் சென்று கேட்டு எழுதியிருந்தாள். சிறப்புச் சித்தி கிடைத்தது. ஏடு அலுமாரிக்குப் போயிற்று. இன்று அவள் மேலிடத்திலிருந்து வரும் படிவங்களைப் பிரதிசெய்து மேலிடத்துக்கே அனுப்புகின்றாள். நாம் கேட்டதன்பேரில் ஆய்வேட்டின் பிரதியொன்றைக் கொண்டுவந்து எமது பாடசாலை நூலகத்துக்குத் தந்தாள்.

இவ்வாண்டு உயர்தர வகுப்பிலே அதனைப் பாடமாக அல்லாது வாசிப்பாக வைத்தோம். முதல் நாள் எவரும் வாய் திறக்கவில்லை, வழக்கப்படி குறிப்பெடுத்தனர். மூன்றாம் நாள், நெசவுக் குடும்பத்துப் பிள்ளை ஒருத்தி தயங்கித் தயங்கி எழுந்தாள். "சேர், இதில கூலிக் கணக்கு பிழை. சாயக் காசு எங்கட உம்மாதான் போடுறா. அத இவங்க கழிக்கல்ல."

எழுதியவளுக்கு இதனை அறிவித்தோம். பிள்ளை சொல்வது சரியென்றும், தான் கேட்க மறந்துவிட்டதாகவும் மறுமொழி வந்தது. விடுமுறையில் இருவரும் சேர்ந்து அந்த வீடுகளுக்கு மறுபடியும் போவதாக இருக்கின்றனர்.